ஜிஓஎன் பிளாக் "பலனில்லை" என்று சீட்டில் எழுதும் முன்: இடம், அளவு, மரப்பு

#1 – பயிற்சி_ஓபி

நாள்பட்ட மைக்ரேனுக்குப் பின்மண்டையில் போடும் ஜிஓஎன் பிளாக் (பெரிய ஆக்சிபிட்டல் நரம்பைச் சுற்றிப் போடும் ஊசி) பற்றித்தான் கேள்வி. நோயாளிகள் கொண்டுவரும் பழைய சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கிறது: "பிளாக் கொடுக்கப்பட்டது, பலனில்லை." எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்தப் பக்கம், ஊசிக்குப் பிறகு தலை மரத்ததா என்று எதுவும் இருக்காது. இந்த ஒரு வரியை நம்பி இவருக்கு இந்தச் சிகிச்சை ஒத்துவரவில்லை என்று ஒதுக்கிவிடலாமா? நீங்கள் போடும் முறையை இடம், அளவு உட்பட விவரமாக எழுதுங்கள். ஸ்டீராய்டு சேர்ப்பதில் ஆளுக்கொரு கருத்து இருப்பது தெரியும். அதையும் பேசிவிடலாம்.

#2 – மயக்கமருந்து

ஒதுக்கக் கூடாது. வலி போனதா என்று கேட்பதற்கு முன் தலை மரத்ததா என்று பார்க்க வேண்டும். மரக்காத பிளாக்கைச் சிகிச்சையின் தோல்வி என்று சொல்ல முடியாது. மருந்து நரம்பைப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இடம்: பின்மண்டையின் நடுவில் விரலால் தடவினால் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். காதுக்குப் பின்னால் இன்னொரு மேடு, அது மாஸ்டாய்டு. இரண்டையும் இணைத்து மனதில் ஒரு கோடு போடுங்கள். நடுமேட்டிலிருந்து அந்தக் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பெரிய ஆக்சிபிட்டல் நரம்பு. மூன்றில் இரண்டு பங்கில் சின்ன ஆக்சிபிட்டல் நரம்பு. சராசரித் தலையில் முதல் புள்ளி நடுக்கோட்டிலிருந்து 2 முதல் 3 செ.மீ. தள்ளி வரும். அந்த இடத்தை அழுத்தினால் பலருக்கு வலி நெற்றிப் பக்கம் பாய்கிறது என்பார்கள். அதுவும் ஒரு வழிகாட்டி.

விரலை அங்கேயே வைத்து நாடித் துடிப்பைத் தேடுங்கள். ஆக்சிபிட்டல் தமனி நரம்புக்கு வெளிப்புறம், அதாவது காது பக்கம் ஓடுகிறது. துடிப்பு கிடைத்தால் அதற்கு உட்புறமாக ஊசி இறங்க வேண்டும்.

ஊசி: 25 முதல் 30 கேஜ் (ஊசியின் தடிமன் எண்), அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் நீளம். முனை சற்று மேல்நோக்கி எலும்பைத் தொடும் வரை இறக்கி, ஓரிரு மில்லிமீட்டர் பின்வாங்கி, பிஸ்டனை இழுத்துப் பாருங்கள். ரத்தம் வரவில்லை என்றால் மெதுவாக மருந்தைச் செலுத்துங்கள். நான் ஒரு பக்கத்துக்கு 2 மில்லி எடுப்பேன். நடுவில் 1 மில்லி, பிறகு தோலை விட்டு வெளியே வராமல் முனையைத் திருப்பி இடது வலது இரு பக்கமும் அரை அரை மில்லி. விசிறி மாதிரி. நரம்பு எல்லாருக்கும் ஒரே புள்ளியில் ஓடுவதில்லை என்பதால்தான் இந்த விசிறி.

எடுத்ததும் பஞ்சை வைத்து இரண்டு நிமிடம் நன்றாக அழுத்துங்கள். பின்மண்டைத் தோலில் ரத்த ஓட்டம் அதிகம். அழுத்தத் தவறினால் மாலையில் நெல்லிக்காய் அளவு வீக்கம் நிற்கும்.

10 முதல் 15 நிமிடம் கழித்துப் பஞ்சாலும் மழுங்கிய குச்சி முனையாலும் தொட்டுப் பாருங்கள். ஊசி போட்ட இடத்திலிருந்து உச்சந்தலை வரை ஒரு பட்டையாக மரத்திருந்தால் நரம்பு பிடிபட்டது. ஊசி போட்ட இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மரத்திருந்தால் தோலுக்கடியில் மருந்து தேங்கியிருக்கிறது என்று பொருள். அதைப் பிளாக் என்று எழுதாதீர்கள்.

#3 – நரம்புத்தடம்

#2 சொன்ன மரப்புப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் பாதிச் சீட்டுகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாமல் போகிறது.

நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலி என்று வருபவருக்கு ஏன் பிடரிப் பக்கம் ஊசி என்ற கேள்வியை நோயாளிகள் மட்டுமல்ல, ஹவுஸ் சர்ஜன்களும் கேட்பார்கள். இந்த நரம்பு கழுத்தின் இரண்டாம் நரம்பு வேரான சி2-விலிருந்து வருகிறது. முகத்துக்கான டிரைஜெமினல் நரம்பின் வலி மையம் மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கி, கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதி வரை நீள்கிறது. நெற்றியிலிருந்து வரும் வலிச் செய்தியும் பிடரியிலிருந்து வரும் செய்தியும் அங்கே ஒரே நரம்பணுக்களில் போய் விழுகின்றன. ஒரு பக்கத்து வரத்தை நிறுத்தினால் மொத்த மையத்தின் கொதிப்பும் அடங்குகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். மரப்பு சில மணி நேரத்தில் போய்விட்டாலும் தலைவலிக் குறைவு சில நாள், சிலருக்குச் சில வாரம் நீடிப்பதையும் இதை வைத்தே விளக்குகிறார்கள்.

ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆக்சிபிட்டல் நியூரால்ஜியா என்ற நோயில், மின்னல் வெட்டு மாதிரி சில நொடி, சில நிமிடம் பிடரியிலிருந்து பாயும் வலி வரும். அங்கே பிளாக் போட்டதும் வலி தற்காலிகமாகத் தணிவது, சர்வதேச வகைப்பாட்டில் நோயை உறுதிசெய்யும் விதிகளில் ஒன்று. மைக்ரேனில் அப்படி இல்லை. அங்கே பிளாக் சிகிச்சை மட்டுமே. ஊசியில் வலி நின்றதால் இது மைக்ரேன்தான் என்றோ, இனி ஸ்கேன் வேண்டாம் என்றோ முடிவெடுக்காதீர்கள். ரத்தக்கசிவாலும் கட்டியாலும் வரும் தலைவலிகூட இந்த ஊசிக்குக் கொஞ்ச நேரம் அடங்கலாம். நொடியில் உச்சத்துக்குப் போன தலைவலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி, இருமினால் பிடரியில் வெடிக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் ஆகியவற்றுக்குக் காரணம் தேடிய பிறகுதான் ஊசியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

#4 – மருந்தாளுநர்_யாழ்

குப்பி பற்றிக் கொஞ்சம் சொல்லோணும். தலையிடிக்குப் போடுற இந்த ஊசியில பிழை நடக்கிறது கனக்க இடத்தில குப்பியைக் கையில எடுக்கேக்கதான்.

லிக்னோகெயின், புபிவகெயின் ரெண்டும் மரக்க வைக்கிற மருந்து. லிக்னோகெயின் 2 சதவீதம் எண்டா ஒரு மில்லியில 20 மி.கி. புபிவகெயின் 0.5 சதவீதம் எண்டா ஒரு மில்லியில 5 மி.கி. சதவீதத்தைப் பத்தால பெருக்கினா மில்லிக்கு எத்தனை மி.கி. எண்டு வரும். இதை மனசில வச்சிருந்தா அளவு பிழைக்காது.

அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் குப்பியும் அதே அலுமாரியிலதான் இருக்கும். இந்த ஊசிக்கு அது தேவையில்லை. பக்கத்தில தமனி ஓடுற இடம், நெஞ்சுப் படபடப்பும் வரும்.

புபிவகெயினில "ஹெவி" எண்டு எழுதின 4 மில்லி அம்பூல், முதுகுத்தண்டு மயக்கத்துக்கு டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்துச் செய்தது. அதை இதுக்கு எடுக்கக் கூடாது. சாதாரண 0.5 சதவீதக் குப்பிதான் வேணும்.

பலமுறை எடுக்கிற பெரிய குப்பியளில மெதில்பாரபென் எண்ட பாதுகாப்புப் பொருள் இருக்கும். "எனக்கு மரப்பூசி அலர்ஜி" எண்டு சொல்லுற ஆக்கள் சிலருக்கு உண்மையில அலர்ஜி அந்தப் பொருளுக்குத்தான். அப்பிடியான ஆக்களை முதலில வடிவா விசாரியுங்கோ. பாதுகாப்புப் பொருள் இல்லாத அம்பூல் கிடைக்கும். அதே பாரபென் உள்ள லிக்னோகெயினை மெதில்பிரெட்னிசலோன் டிப்போவோட (மெதுவாக் கரையிற ஸ்டீராய்டு ஊசி) கலந்தா மருந்து திரிஞ்சு கட்டியா அடியில படியவும் பாக்கும். கலந்த சிரிஞ்சை வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. திரிஞ்சிருந்தா எறியுங்கோ.

#5 – பயிற்சி_ஓபி

#2, #4 இரண்டுக்கும் நன்றி. இரண்டு மருந்தையும் கலப்பதானால் விகிதம் என்ன? இரண்டு பக்கமும் போட்டால் உச்ச அளவைத் தாண்டுமா? 50 கிலோ எடையுள்ள பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#6 – மயக்கமருந்து

ஒரு பக்கத்துக்கு லிக்னோகெயின் 2 சதவீதம் 1 மில்லி, புபிவகெயின் 0.5 சதவீதம் 1 மில்லி. மொத்தம் 2 மில்லி. லிக்னோகெயின் சில நிமிடத்தில் மரக்க வைக்கும், ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். புபிவகெயின் தாமதமாகத் தொடங்கி 4 முதல் 8 மணி நேரம் நிற்கும். தனியாக ஒன்றைப் போட்டாலும் தவறில்லை. கலந்தால் மரப்பை உடனே சரிபார்க்கும் வசதி கிடைக்கிறது.

கணக்கு: அட்ரினலின் இல்லாத லிக்னோகெயினுக்கு உச்சம் கிலோவுக்கு 4.5 மி.கி., புபிவகெயினுக்கு 2 மி.கி. 50 கிலோவுக்கு 225, 100. இரு பக்கமும் போட்டால் லிக்னோகெயின் 40 மி.கி., புபிவகெயின் 10 மி.கி. முதலாவது உச்சத்தில் சுமார் 18 சதவீதம், இரண்டாவது 10. கலவையில் நச்சுத்தன்மை கூடிச் சேரும் என்று வைத்துக் கணக்கிட வேண்டும், அப்போதும் 28 சதவீதம்தான். சின்ன ஆக்சிபிட்டலுக்குப் பக்கத்துக்கு 1 மில்லி, புருவத்துக்கு மேல் உள்ள நரம்புகளுக்குப் பக்கத்துக்கு அரை மில்லி என்று சேர்த்தாலும் பாதியைத் தாண்டாது.

ஆகவே மொத்த அளவைப் பற்றிப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது ஊசி முனை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி. மூளைக்குப் போகும் தமனிக்குள் நேரடியாகப் போனால் ஒரு மில்லிகூட வலிப்பை வரவழைக்கும். அதனால் முனையை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் இழுத்துப் பார்க்க வேண்டும். வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்று நோயாளி சொன்னால் அந்த நொடியே நிறுத்துங்கள். அறையில் ஆக்சிஜன், ஐவி கேனுலா, 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (மரப்பு மருந்தின் நச்சை முறிக்கும் கொழுப்புக் கரைசல்) எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மில்லி. "சின்ன ஊசிதானே" என்று இவை இல்லாத அறையில் போடுவதை நான் ஏற்கவில்லை.

#7 – சிகிச்சைஅறை

டாக்டர்கள் எழுதாம விட்ட நாலு விஷயம்.

முதல் நாளே சொல்லி அனுப்பணும்: காலையில தலைக்குக் குளிச்சிட்டு வாங்க, எண்ணெய் வைக்காதீங்க, பூ வைக்காதீங்க. எண்ணெய் வச்ச முடியில ஸ்பிரிட் பஞ்சு எவ்வளவு தேச்சாலும் தோல் வரைக்கும் சரியா சேராது. முடி வெட்டவோ மழிக்கவோ தேவையே இல்ல. நீள முடின்னா மேல தூக்கி கிளிப் போட்டு, வகிடு எடுத்துத் தோலைக் காட்டினா போதும்.

வெறும் வயித்துல வர வேண்டாம். இந்த ஊசியில அதிகமா நடக்கிற கோளாறு மயக்கம் போட்டு விழறதுதான். பயம், பசி, உக்காந்த நிலை மூணும் சேர்ந்தா நாடி இறங்கிடும். மேஜைமேல ரெண்டு தலையணை, அதுல நெத்தியைச் சாய்ச்சு உக்கார வைங்க, பின்னாடி படுக்கை தயாரா இருக்கட்டும். முன்னாடி ஊசிக்கு மயங்கினவங்கன்னா முதல்லயே குப்புறப் படுக்க வச்சுப் போடச் சொல்லுங்க. வியர்வை, கொட்டாவி, "காது அடைக்குது"ன்னு சொன்னா உடனே படுக்க வச்சுக் காலைத் தூக்கணும்.

அப்புறம் அரை மணி நேரம் உக்கார வச்சுத்தான் அனுப்பணும். ரெண்டு பக்கமும் போட்டா சிலருக்குத் தலை லேசா சுத்தும். தனியா வண்டி ஓட்டிட்டுப் போக விடாதீங்க.

வீட்டுக்குப் போனதும் முக்கியமானது சூடு. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. அன்னிக்கு வெந்நீர் ஒத்தடம், ஹேர் டிரையர் ரெண்டும் கூடாது. சீப்பை அழுத்தி வாரக் கூடாது.

#8 – தலைவலிக்குழு

நோயாளிகள் குழுவில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே வைக்கிறேன். இதுவும் போடாக்ஸும் ஒன்றா? சாயங்காலம் மரப்பு போனதும் வலி திரும்பினால் ஊசி வீணா? எத்தனை முறை போடலாம்? கர்ப்பிணிகளுக்குப் போடலாமா?

#9 – நரம்புத்தடம்

போடாக்ஸ் வேறு. அது 12 வாரத்துக்கு ஒருமுறை, நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று 31 புள்ளிகளில் 155 யூனிட். பலன் தெரிய வாரங்கள் ஆகும். ஜிஓஎன் பிளாக்கில் இருப்பது பல் பிடுங்கும்போது போடும் அதே மரப்பு மருந்துதான்.

மாலையில் வலி திரும்பினால் வீண் என்று உடனே சொல்லாதீர்கள். ஊசி குத்திய இடமே ஓரிரு நாள் வலிக்கும், அதைத் தலைவலியோடு குழப்பிக்கொள்வார்கள். ஊசிக்கு முந்தைய 4 வாரமும் பிந்தைய 4 வாரமும் நாட்குறிப்பு வையுங்கள். வலி இருந்த நாள், வலியின் கடுமை, மாத்திரை போட்ட நாள் மூன்றும் போதும். மாதம் 20 வலி நாள் 12 ஆகக் குறைந்திருக்கும், ஆனால் கேட்டால் "பலனில்லை, நேற்றுக்கூட வலித்தது" என்பார்கள். நாட்குறிப்பு இல்லாமல் இதைப் பிரிக்க முடியாது.

மரப்பு மருந்து மட்டும் என்றால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடலாம். கர்ப்ப காலத்தில் வாய்வழித் தடுப்பு மருந்துகள் பலவற்றைத் தொட முடியாது என்பதால் இந்த ஊசிக்கு அங்கே தனி மதிப்பு உண்டு. லிக்னோகெயின் மட்டும் போடுங்கள். ஸ்டீராய்டுகளான டெக்சாமெதசோனும் பீட்டாமெதசோனும் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், அவை வேண்டாம்.

இந்த ஊசி நன்றாகக் கைகொடுக்கும் இன்னொரு இடம், வலி மாத்திரையை அதிகம் எடுத்ததாலேயே வரும் தலைவலி. டிரிப்டானோ (மைக்ரேன் வலியை நிறுத்தும் மாத்திரை வகை) கலவை மாத்திரையோ மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, சாதாரண வலி மாத்திரை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் அதை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்திய முதல் இரண்டு வாரம் தாங்க முடியாமல் மறுபடி மாத்திரைக்குப் போய்விடுவார்கள். அந்த இடைவெளியைக் கடக்கப் பிளாக் உதவும்.

#10 – பயிற்சி_ஓபி

ஸ்டீராய்டு?

#11 – நரம்புத்தடம்

மைக்ரேனுக்கு வேண்டாம். 2008-ல் அஷ்கெனாசி குழுவினர் மரப்பு மருந்தை மட்டும் ஒரு பிரிவுக்கும், டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்து இன்னொரு பிரிவுக்கும் கொடுத்து ஒப்பிட்டார்கள். சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. 2015-ல் டில்லி குழுவினரின் ஆய்வில் புபிவகெயினோடு மெதில்பிரெட்னிசலோன் போட்டதும், உப்புநீரில் சொட்டு லிக்னோகெயின் கலந்து போட்டதும் ஒரே பலனைத்தான் தந்தன. அதே ஆண்டு இனான் குழுவினர் புபிவகெயின் மட்டும் போட்டு, உப்புநீரை விட நல்ல பலன் கண்டார்கள். மைக்ரேனில் பிளாக்குக்கே சான்று இப்படி ஏறி இறங்கித்தான் இருக்கிறது. இதில் ஸ்டீராய்டையும் சேர்த்து அதன் தீமையை ஏற்க நியாயமில்லை.

கிளஸ்டர் தலைவலி (ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி, பருவம் பருவமாக வரும் கடும் வலி) முற்றிலும் வேறு. அங்கே ஸ்டீராய்டுதான் மருந்து. 2005-ல் அம்ப்ரோசினி குழுவினர் பீட்டாமெதசோனையும், 2011-ல் லெரூ குழுவினர் கார்ட்டிவசோலையும் வைத்துச் செய்த ஆய்வுகள் தெளிவானவை. 2016-ல் அமெரிக்கத் தலைவலிச் சங்கம் கிளஸ்டர் தடுப்புக்கு இந்த ஊசியை உயர்ந்த தரச் சான்றோடு பரிந்துரைத்தது. வலி வரும் பக்கத்தில், பருவம் தொடங்கியதுமே போட வேண்டும். தடுப்பு மாத்திரையான வெரபமில் வேலை செய்யத் தொடங்கும் வரை அது பாலம்.

#12 – மயக்கமருந்து

முழுவதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆக்சிபிட்டல் நியூரால்ஜியாவில் வெறும் மரப்பு மருந்து ஒரு வாரம்கூட நிற்காதவர்களுக்கு, டெக்சாமெதசோன் 4 மி.கி. ஒருமுறை சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை. மைக்ரேனைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, சேர்க்க வேண்டாம்.

யார் சேர்த்தாலும் சில எல்லைகள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது. நெற்றி, புருவப் பக்கத்து நரம்புகளுக்கு ஸ்டீராய்டு போடவே கூடாது. துகள் உள்ள டிப்போ மருந்து அங்கே தமனிக்குள் போனால் கண் பார்வையே போகலாம். பின்மண்டையிலும் டிரையாம்சினலோன் தோலுக்கு அருகில் தேங்கினால் அந்த இடத்தில் முடி உதிரும், தோல் குழியும். முடி பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப வளரும். குழி நிரம்ப நாளாகும்.

#13 – மருந்தாளுநர்_யாழ்

நீரிழிவு இருக்கிற ஆக்களுக்கு ஸ்டீராய்டுக்குப் பிறகு சில நாளுக்குச் சீனி ஏறும், குளுக்கோமீற்றரில பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ. எச்ஐவிக்கு ரிட்டோனவிர் எடுக்கிற ஆளுக்கு டிரையாம்சினலோன் போட்டா அது உடம்பில இருந்து இலேசில வெளியேறாது. ஒரு ஊசியிலயே முகம் வீங்கி, அட்ரினல் சுரப்பி அடங்கிப்போகும். ஊசிக்கு முன்னம் எடுக்கிற மருந்தெல்லாத்தையும் கேட்டு எழுதுங்கோ.

#14 – சிகிச்சைஅறை

தலையில முன்னாடி ஆபரேஷன் ஆனவங்களைப் பத்தி யாரும் சொல்லலையே. முடி மூடியிருக்கும், அவங்களும் சொல்ல மாட்டாங்க. தடவிப் பாத்தாத்தான் தழும்பு தெரியும்.

#15 – மயக்கமருந்து

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், சுட்டியதற்கு நன்றி. பின்மண்டை எலும்பை எடுத்து அறுவை செய்தவர்களுக்கு அந்தப் பகுதியில் இந்த ஊசி கூடாது. எலும்பு இல்லாத இடத்தில் முனை தடுக்காமல் உள்ளே போய், மருந்து மூளைத் தண்டுவட நீரில் கலந்தால் நினைவு தப்பும், மூச்சு நிற்கும். "எலும்பைத் தொடும் வரை" என்று #2-ல் எழுதினேனே, எலும்பு தட்டவில்லை என்றால் இன்னும் ஆழமாகப் போகாதீர்கள். வெளியே எடுத்துவிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு மேலோட்டமான இந்த இடத்தில் போடலாம், அழுத்திப் பிடிக்க வசதியான இடம். அழுத்தும் நேரத்தைக் கூட்டுங்கள். ஊசி போடும் தோலில் புண், சீழ் இருந்தால் ஆறும் வரை தள்ளிப்போடுங்கள்.

அல்ட்ராசவுண்டு தேவையா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். மேட்டுக் கோட்டில் போடும் முறைக்குக் கட்டாயமில்லை. கையால் இரண்டு முறை சரியாகப் போட்டும் மரக்கவில்லை என்றால் அப்போது வேண்டும். சி2 முள்ளெலும்பில் (கழுத்தின் இரண்டாம் எலும்பு) அல்ட்ராசவுண்டு கருவியின் புரோபை வைத்து, அதற்கு மேலுள்ள சி1-ன் பக்க முனை நோக்கிச் சாய்த்தால் இரண்டு தசைகள் அடுக்காகத் தெரியும். அவற்றுக்கு நடுவில் நரம்பு. அங்கே 1 மில்லியே போதும். ஆனால் வெளிப்புறம் வெர்டிபிரல் தமனி, உட்புறம் தண்டுவடம். ஊசி முனை முழுநேரமும் திரையில் தெரியாவிட்டால் அந்த இடத்தில் போடவே கூடாது. பழகாதவர் படம் பார்த்து முயலும் இடம் அதுவல்ல.

#16 – தலைவலிக்குழு

எத்தனை முறை போட்ட பிறகு "எனக்கு இது ஒத்துவராது" என்று முடிவு செய்யலாம்?

#17 – நரம்புத்தடம்

உச்சி வரை மரத்தது உறுதியான இரண்டு பிளாக், அவற்றுக்கிடையே 2 முதல் 4 வாரம், நாட்குறிப்பில் வலி நாளிலும் கடுமையிலும் மாற்றமில்லை. இவ்வளவும் இருந்தால் நிறுத்திவிடுவேன். மரக்காத ஊசிகளை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். வலி மாத்திரை தினமும் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டதையும் தனியாகத்தான் வைப்பேன்.

#18 – பயிற்சி_ஓபி

அப்படியானால் இனி எங்கள் சீட்டில் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன், திருத்துங்கள்:

"நாள்பட்ட மைக்ரேன். ஜிஓஎன் பிளாக், நடுமேடு–மாஸ்டாய்டு கோட்டில் உள் மூன்றில் ஒரு பங்கு. லிக்னோகெயின் 2% 1 மி.லி. + புபிவகெயின் 0.5% 1 மி.லி. 26 கேஜ். இழுத்ததில் ரத்தம் இல்லை. 15 நிமிடத்தில் உச்சி வரை மரப்பு. மயக்கம் இல்லை. வலி 8-லிருந்து 3. நாட்குறிப்பு கொடுக்கப்பட்டது, 4 வாரத்தில் வரவும்."

#19 – சிகிச்சைஅறை

எந்தப் பக்கம்னு எழுதல. மண்டையில பழைய தழும்பு இல்லன்னும் ஒரு வரி சேருங்க.

#20 – மருந்தாளுநர்_யாழ்

குப்பியின்ர பேட்ச் நம்பரும் காலாவதித் திகதியும். அலர்ஜி எண்டு பிறகு வந்தா எந்தக் குப்பி எண்டு தேடேலாது.